வெட்டிய மூச்சு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். யாரது, இப்படிப் புஸ்புஸ்ஸென்று மூச்சு விடுவது? பைய விடுங்கள்.

உச்சி வேளை. ராதாபுரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் பனங்காட்டுச் சாலை... ஈ, காக்காய் கிடையாது. பேய் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? அன்றைய வெயிலுக்குப் பனைகளே தங்கள் நிழலைச் சுருட்டிக் காலடியில் ஒளித்துக்கொண்டு நின்றன. அந்தச் சாலையில் மார்ட்டின் தனியாக மொபெட்டில் வந்துகொண்டிருந்தான். பின்னால் ஒரு பெட்டி, கயிறு போட்டு இறுக்கியிருந்தது.

பெட்டிக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

மார்ட்டின் வேறு யாருமில்லை. நம் பூதலிங்கத்தின் கூட்டாளி லியோனுக்கு மச்சினன். புன்னக்காயல்காரன். தொண்ணூற்று நாலு, ஐந்து வாக்கில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தான். தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் சாம்ப்ளர் ஒன்று வாங்கினான். எந்தச் சத்தத்தை மைக்கில் கொடுத்தாலும் அது விழுங்கிக்கொள்ளும். பிறகு எந்தக் கட்டையை அமுக்கினாலும் அதே சத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பாடும். ஒரே ஒரு சேவல் கூவலை வைத்து ஒரு கல்யாணக் கச்சேரியையே ஒப்பேற்றினான். களக்காடு வரைக்கும் கோழிகள் மூன்று நாள் தூங்கவில்லை. ஒரே குறை, கரண்ட் போனால் அந்த மிஷினுக்கு எல்லாம் மறந்துபோகும். மறுபடி பிளாப்பியைச் செருகித்தான் ஞாபகப்படுத்த வேண்டும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

புன்னக்காயலில் ரோசம்மாள் என்று ஒரு ஒண்டிக்கட்டை. புருஷனைக் கடல் எடுத்துக்கொண்டது. பிள்ளை இல்லை. இழவு வீட்டில் அவள் உட்கார்ந்து அழுதால் தாமிரபரணி ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் கடலில் விழும். செத்தவரே எழுந்து அவளைத் தேற்றப் பார்த்ததாகவும் சொல்வார்கள்.

பிள்ளைகள் பம்பாயிலும் துபாயிலும் இருக்கிற வீடுகளில் அழுவதற்கு ஆள் இல்லாத காலம். மார்ட்டின் ரோசம்மாளின் ஒரே ஒரு அழுகையைப் பிடித்து சாம்ப்ளரில் ஏற்றினான். இடப்பக்கம் அமுக்கினால் அவளே கிழவி, வலப்பக்கம் அமுக்கினால் அவளே குமரி. பத்து விரலுக்குப் பத்துப் பெண்கள். அழுகை அறுபடாமல் ஓட வேண்டும் என்று, நடுவே அவள் மூச்சிழுத்த இடங்களையெல்லாம் வெட்டியெறிந்து, நுனியோடு நுனியை ஒட்டிவிட்டான்.

கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். ரோசம்மாள் வெற்றிலையை அதக்கிக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"எல்லாம் சரிதாம்லே. இதுல நான் மூச்சே எடுக்கலியே."

"அது கேக்க நல்லா இல்ல பெரியம்ம. வெட்டிட்டேன்."

"வெட்டுனத எங்க போட்ட?"

அவன் சிரித்தான். எங்கே போடுவது? அவள் சிரிக்கவில்லை. காசு கொடுத்தான், வாங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்கு அழ ஒரு நாதி கெடையாது. நான் போற அன்னைக்கு நீ இத வச்சு அழுதிரணும், என்ன?"

மாதா மேல் சத்தியம் செய்துகொடுத்தான்.

பிறகு அந்த நாள் வந்தது. ராதாபுரத்தில் ஒரு பெரிய வீட்டு இழவு. மார்ட்டின் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டு போனில் சேதி. ரோசம்மாள் போய்விட்டாள், சாயங்காலம் அடக்கம். உடனே கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். நாளைக் காலையில் பிணம் தூக்குகிறவரைக்கும் இரும் என்று வீட்டார் தாங்கினார்கள். கூட்டம் அவன் விரலையே பார்த்து மூக்கைச் சிந்தியது. இருந்துவிட்டான்.

ராதாபுரத்தில் ரோசம்மாளின் குரல், முகம் தெரியாத ஒரு மனுஷனுக்காகப் பத்துப் பெண்களாக அழுதது. புன்னக்காயலில் சாமியார் ஜெபம் சொன்னார், நாலு பேர் மண் தள்ளினார்கள். ஒரு விசும்பல் இல்லை.

மறுநாள் உச்சியில்தான் அந்தச் சாலை.

மார்ட்டின் வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறந்தான். வயர் சுருட்டியபடி கிடந்தது. பிளாப்பி அவன் சட்டைப்பையில். சுற்றுவட்டாரத்தில் ஒரு கரண்ட் கம்பம் இல்லை. உள்ளிருந்து வெற்றிலை வாசம் வந்தது... லேசாகக் கருவாடும்.

ஹ்ஹ்...

அழுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. அதற்கப்புறம் இன்னொன்று. காதை வைத்து ஒவ்வொன்றாக வெட்டியவன் ஆயிற்றே, அவனுக்குத் தெரியாதா எது குட்டை, எது நீளம், எதில் இருமல் சிக்கியிருந்தது என்று. வெட்டிய வரிசை மாறாமல் வந்தன. மூச்சு மட்டும். அழுகை வரவே இல்லை.

அங்கிருந்து அவன் மொபெட்டை விரட்டிய விரட்டில் டயர் மணத்தது. நேரே கல்லறைத் தோட்டம். புது மணல்மேடு, அணைந்த ஒரு மெழுகுவத்தி. பெட்டியை இறக்கி வைத்து மண்டியிட்டான்.

"பெரியம்ம, இப்பம் அழுதிருதேன்."

வாயைத் திறந்தான். அவன் மூச்சிழுப்பதற்குள் பெட்டி இழுத்தது. அழுகை அவன் தொண்டையிலிருந்து வந்தது... குரல் அவனுடையது இல்லை.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் பத்துப் பெண்கள் அழுகிறார்கள் என்றுதான் ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால் ஒரே ஒரு ஆண்பிள்ளை. பொழுது சாய்கிறவரைக்கும் அழுதானாம், ஒரு தடவைகூட மூச்சு எடுக்காமல்.

சாம்ப்ளரை அவனே கொண்டுபோய் முகத்துவாரத்தில் போட்டான். கச்சேரியை விட்டான். கல்யாணமும் கட்டவில்லை. புன்னக்காயல் வீட்டில் இன்றைக்கும் அவன் ஒருவன்தான்.

நம்ப வேண்டாம். பூதலிங்கத்திடம் நம்பர் இருக்கிறது, போன் போட்டுப் பாருங்கள். பாவம், யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிடுவான். பேசுவதற்கு முன் மூச்சை இழுப்பான்... காதை நன்றாக ஒட்டி வையுங்கள். அதற்கும் முன்னால், ரிசீவருக்கு வெகு பக்கத்தில், இன்னொரு மூச்சு கேட்கும். லேசாக இருமல் சிக்கியிருக்கும்.