தம்பி நீங்கலாக

— இதென்னண்ணே, ‘என் தம்பியைத் தவிர உலகத்துல எல்லாரும் இலவசமா எடுத்துக்கலாம்’னு எழுதி வெச்சிருக்க?

— நான் எழுதுன சாஃப்ட்வேரைப் பொதுச்சொத்துன்னு எழுதித் தரச் சொல்லிக் கேட்ட, தங்கச்சி. குடுத்துட்டேன். முடிஞ்சுது கதை.

— பொதுச்சொத்துன்னா எல்லாருக்கும்தான். ஆள் பாத்துக் குடுக்க அதென்ன கல்யாணப் பத்திரிகையா?

— அப்ப வேற உரிமம் ஏதாவது போடு. எத்தனையோ வகை இருக்குமே.

— ‘எழுதுனவர் பேரைப் போடணும்’னு ஒண்ணு இருக்கு. ‘மாத்துனா, மாத்துனதையும் எல்லாருக்கும் குடுக்கணும்’னு ஒண்ணு இருக்கு. ‘தம்பி தொடக்கூடாது’ன்னு எங்கயும் கிடையாது.

— நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்.

— ஐயோ, விளையாடாதண்ணே! அஞ்சு மணிக்குள்ள காகிதம் போகலைன்னா எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் இதைப் பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர்ல ஏத்த மாட்டாங்க. கண்ணு தெரியாத பிள்ளைங்க நாப்பது பேர். வாசிச்சு வாசிச்சு எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு.

— அதான் இனிமே சாஃப்ட்வேர் வாசிக்குமே.

— யார் குரல்ல?

— எந்தக் குரலா இருந்தா என்ன?

— யார் குரல்லண்ணே?

— தம்பி குரல்லதான். அதுக்கென்ன இப்போ?

— அப்ப அவனும் கையெழுத்துப் போடணும். பாதி அவனுது.

— அவன்கிட்டப் போய் நான் நிக்கணுமா? பாடத்தை ரெக்கார்டு பண்ணச் சொன்னா, பத்திக்குப் பத்தி இருமி வெச்சிருந்தான். இடுப்பொடிய உக்காந்து ஒவ்வொரு இருமலா வெட்டி எடுத்தேன். ‘என்னைக் கேக்காம என் இருமல்ல எப்படிக் கை வெப்பே’ன்னு எகிறிட்டுப் போனவன்தான். மூணு வருஷமாப் பேசல, மகராசன்.

— நீ மட்டும் பேசுனியாக்கும்? நேத்து நானே போய்க் கையெழுத்து வாங்கிட்டேன். இந்தா, பாரு.

— போட்டுட்டானா! மறுபேச்சு இல்லாமயா?

— காகிதத்துல நிபந்தனைன்னு ஒண்ணும் எழுதல. வாயால ஒண்ணே ஒண்ணு கேட்டான். இருமலை எல்லாம் திரும்ப வெச்சிடணுமாம்.

— ஐந்நூத்திப் பன்னெண்டு இருமல்! அது அவன் சொத்தா, பொதுச்சொத்தா?

— அதை அப்புறம் பாப்போம். அழிச்சுத் தொலைச்சிட்டியா?

— அதை எதுக்குக் கேக்குற?

— அண்ணே, மணி நாலே முக்கால். அழிச்சிட்டியா, இல்லையா?

— தனியா ஒரு ஃபோல்டர்ல இருக்கு. பாடம் வாசிக்கிறப்ப யாரோ மாதிரி இருக்கான். அவனைக் கேக்கணும்போல இருந்தா, அந்த இருமலைத்தான் தினம் போட்டுக் கேக்குறேன்.