இறுகாத ஃபட்ஜ்

ஹலோ… ம், நான்தான். இந்த வீட்ல வேற யாரு எடுப்பா… சொல்லு பாப்பா… மெதுவா சொல்லு, ஒண்ணும் புரியல… இறுகலையா. எது இறுகல… ஓ. ஃபட்ஜா.

…ஆமா. ஆமா, இந்த வருஷம் ஃபட்ஜ் பெட்டி வரல… கூரியர்காரன் மேல எதுக்குப் பழி போடுற, அவன் என்ன பண்ணுவான். நான்தான் அனுப்பல… மறக்கல. ஏழு வருஷமா ஸ்கூல் லீவு விட்டதும் முதல் வேலையா இந்தப் பால் இனிப்பைச் செஞ்சு அனுப்பினவ, எட்டாவது வருஷம் மட்டும் மறப்பேனா. அனுப்பல, அவ்வளவுதான்.

…சரி, சரி. அழாதே. என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லு… ம்… ம்… ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சா. கத்தி போட்டா கத்தியோடயே வருதா… ஒரு துண்டு எடுத்தா நூல் நூலா இழுக்குதா. சரி. அப்ப பதம் வர்றதுக்கு முன்னாடியே இறக்கிட்டே.

…எத்தனை மணிக்கு வராங்க… நாலுக்கா. இப்ப மணி பதினொண்ணு. நேரம் இருக்கு… யாரு, உன் நாத்தனாரா. அவளுக்குக் கத்துக்கணுமாமா… பக்கத்துல நின்னு பாக்கணுமாம். ஆமா, கேக்கத்தான் செய்வா. நீதானே சொல்லி வச்சிருக்கே, ரொம்ப ஈஸி, வீட்லயே அரை மணியில பண்ணிடலாம்னு. ஏழு வருஷமா எங்க அண்ணி கைப்பக்குவம், எங்க அண்ணி கைப்பக்குவம்னு உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடினாங்க. இன்னைக்கு செஞ்சு காட்டுன்னு சொன்னதும் கையும் ஓடல, காலும் ஓடல.

…ஏன், குத்திக் காட்டக் கூடாதா. எனக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.

…இரு, வைக்காதே. வைக்காதேன்னு சொல்றேன்ல. வச்சா நாலு மணிக்கு நீ என்ன பண்ணுவே. போனை ஸ்பீக்கர்ல போடாம தோள்ல இடுக்கிக்கோ. அடி கனமான சட்டி இருக்கா… அதை எடு. தட்டுல இருக்கிறதை எல்லாம் வழிச்சு அதுல போடு… எல்லாத்தையும்தான். கால் டம்ளர் பால் ஊத்து. அடுப்பைச் சின்னதா வை… இன்னும் சின்னதா. உனக்கு எப்பவும் எல்லாம் வேகமா ஆகணும்.

நட்ஸ் வறுத்துப் போட்டியா… வறுக்கலையா. சரி, உடைச்சாவது போட்டியா… மிக்ஸியிலயா. பொடியாவா. போச்சு… இல்ல இல்ல, பரவாயில்ல, இதுக்குப் பரவாயில்ல. பொடி போட்ட புது மாதிரின்னு சொல்லிக்கோ. கதை சொல்ல உனக்கா சொல்லித் தரணும். ஆனா நாத்தனார் பக்கத்துல நின்னு பாக்கிறப்ப முந்திரி, பாதாம் ரெண்டையும் வெறும் வாணலியில வறுத்து, கையால உடைச்சு, கடைசியில போடு. கடைசியில. புரிஞ்சுதா.

…ஆமா. அடி பிடிக்காம கிளறிக்கிட்டே இரு. பத்து நிமிஷம் ஆகும்… நான் எங்க போகப் போறேன், இன்னைக்கு எனக்கு லீவு. ஆஸ்பத்திரி கேன்டீனைப் பசங்க பாத்துக்குறாங்க. ஆஸ்பத்திரிக்கு லீவு இல்ல, எனக்கு மட்டும்தான்.

…என்ன… கை கொஞ்சம் லூசா இருக்கணுமா. எந்தக் கை… கழுத்து அவ்வளவு இறக்கம் வேண்டாமா. நீ என்ன பேசுற.

ஓ.

மாமியார் அடுப்படிக்கு வந்துட்டாங்களா.

…சரி, பேசு பேசு. டெய்லர் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். கிளறுறதை மட்டும் நிறுத்தாதே… ஆமாங்க. செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்குங்க. சொல்லு, அவங்களுக்குக் கேக்கிற மாதிரி சொல்லு, செவ்வாய்க்கிழமைன்னு… ம். நல்லா நடிக்கிற. இத்தனை வருஷப் பழக்கம்.

…போயாச்சா. காபி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களா… சரி.

இல்ல, சிரிக்கல. சிரிப்பு வந்தா நல்லா இருக்கும்னுதான் பாக்குறேன், வரல… மன்னிப்பு எல்லாம் கேக்காதே. கேட்டு கேட்டு அந்த வார்த்தையே தேஞ்சு போச்சு. உன் போன்ல என் நம்பர் டெய்லர்னு இருக்கிறது எனக்கு எப்பத் தெரிஞ்சுது தெரியுமா. போன மாசம் நான் கூப்பிட்டப்ப உன் பொண்ணு எடுத்தா. அம்மா, டெய்லர் ஆன்ட்டின்னு கத்தினா. நீ குளிச்சுக்கிட்டு இருந்தே. அவளே பேசினா என்கிட்ட. என் ஃப்ராக் ரெடியா ஆன்ட்டின்னு கேட்டா… உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்னுதான் சொல்லல. நான் என்ன சொல்றது. ரெடியாகிட்டு இருக்கு கண்ணு, என்ன கலர் சொன்னேன்னு கேட்டேன். மஞ்சள்னா. எட்டு வயசுப் புள்ள. அவ பெரியம்மா அவகிட்ட பேசின முதல் பேச்சு அதுதான்.

…கிளறு. அழுதுக்கிட்டே கிளறு, ஆனா கிளறு. அடி பிடிச்சா அதையும் என் தலையில போடுவே.

ஏன் பெட்டி அனுப்பலன்னு கேட்டல்ல, கேளு. போன வருஷம் கூரியர்ல பெட்டி நசுங்குதுன்னு நானே தூக்கிக்கிட்டு வந்தேன். ரெண்டு மணி நேரம் பஸ்ல, மடியிலயே வச்சுக்கிட்டு. கேட்ல பெல் அடிச்சா நீ செருப்புகூடப் போடாம ஓடி வந்தே. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. பாப்பா நம்மளப் பாக்க ஓடி வராளேன்னு நினைச்சேன். நீ பெட்டியைப் பிடுங்கிக்கிட்டு, அளவு சரியா இருக்கும்லன்னு சத்தமாக் கேட்டே. எனக்கு ஒண்ணும் விளங்கல. நிமிந்து பாத்தா பால்கனியில உன் மாமியார் நிக்கிறாங்க… ஆமா. நானும் சரியா இருக்கும்மான்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். ஒரு டம்ளர் தண்ணி குடிக்கல. பஸ் ஸ்டாப்ல வாங்கிக் குடிச்சேன்.

…தெரியும். தெரியும்டி. ஆரம்பிச்சது நான்தான். நான் இல்லன்னு சொல்லலையே. அக்காக்காரி புருஷனை விட்டுட்டு வந்தவன்னு தெரிஞ்சா சம்பந்தம் நிக்காதுன்னு தரகர் இழுத்தாரு. அப்பா தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஒரே பொண்ணுன்னு சொல்லிடுங்க, ஒரு ரெண்டு வருஷம் போகட்டும், பொறுமையா சொல்லிக்கலாம்னு நான்தான் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். உன் கல்யாணத்துல சமையல் ஆளுங்களோட ஆளா நின்னு பரிமாறினேன். உன் மாமியார் இலையில ரெண்டாம் தரம் சாதம் போட்டவ நான்தான். போதும்மான்னு சொன்னாங்க, நல்லாத்தான் சொன்னாங்க. அவங்க கெட்டவங்க இல்ல. அதுதான் எனக்கு இன்னும் வயிறெரியுது.

ரெண்டு வருஷம்னேன். பதினொரு வருஷம் ஆச்சு.

…எப்ப சரியான நேரம். பொண்ணு பொறக்கட்டும்னே. பொறந்தா. மாமனார் உடம்பு தேறட்டும்னே. தேறினாரு. நாத்தனார் கல்யாணம் முடியட்டும்னே. முடிஞ்சு அவளுக்கு ரெண்டு புள்ளைங்க. இன்னும் யாருக்கு என்ன ஆகணும், சொல்லு. லிஸ்ட் போட்டு வச்சுக்கிறேன்.

…இப்ப எப்படி இருக்கு. சட்டியில ஒட்டாம சுருண்டு வருதா… கிண்ணத்துல குளுந்த தண்ணி எடு. ஒரு சொட்டு விடு. விட்டியா. விரலால உருட்டு… வருதா. உருண்டையா வருதா, இல்ல கரைஞ்சு போகுதா… கரையுதா. சரி, இன்னும் அஞ்சு நிமிஷம்.

என்ன… ஆமா.

ஆமா, செஞ்சேன். பொய் சொல்ல மாட்டேன். இந்த வருஷமும் செஞ்சேன். முந்தாநாளே செஞ்சு பெட்டியில அடுக்கி மேசை மேல வச்சிருக்கேன். கூரியர் ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்… இரு, இரு. நான் சொல்றதைக் கேளு. பன்னெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. அதுல ஏறினா ரெண்டு, ரெண்டேகால். நாத்தனார் வர்றதுக்கு முன்னாடி அங்க இருப்பேன். நானே எல்லாத்தையும் செஞ்சு காட்டுறேன், உனக்கு ஒரு வேலையும் இல்ல. பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு. நான் முன்வாசல் வழியா வருவேன். யார் இவங்கன்னு கேட்டா, எங்க அக்கான்னு சொல்லணும். கதை எல்லாம் வேண்டாம், ஏன் எதுக்குன்னு நான் பாத்துக்கிறேன். திட்டினா நான் வாங்கிக்கிறேன். எங்க அக்கா. அந்த ரெண்டு வார்த்தைதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு தடவை சொல்லிடு.

பாப்பா.

பாப்பா, லைன்ல இருக்கியா… ம்.

…என்ன.

…யாரு, டிரைவரா.

…டிரைவரை அனுப்புறியா. என்னைக் கூட்டிட்டுப் போகவா.

…பெட்டியை மட்டுமா.

…ம். ம். புரியுது. இல்ல, நல்லாப் புரியுது. இன்னைக்கு எல்லாரும் இருக்காங்க. ஆமா. லீவு நேரத்துல சங்கடம் வேண்டாம். ஆமா. அப்புறம் பொறுமையா. ஆமா, ஆமா. நீ சொல்ல வேண்டியதே இல்ல, நானே சொல்றேன் பாரு. எனக்கு மனப்பாடம்.

…கோவம் இல்ல. இல்லன்னா இல்ல. விடு. தண்ணியில இன்னொரு சொட்டு விட்டுப் பாரு… வருதா. நல்லா உருளுதா. அடுப்பை அணை. உடனே அணை. அணைச்சுட்டியா.

ஒரு பேப்பரும் பேனாவும் எடு… எடுன்னா எடு. இதை நான் உனக்கு இதுவரைக்கும் சொன்னதில்ல. ரெண்டு வருஷம் முன்னாடி நீ கேட்டப்ப எல்லாத்தையும் சொன்னேன், இதை மட்டும் சொல்லல… ஆமா, வேணும்னுதான். அந்த வாரம் உனக்கு ரெண்டு தடவை கெட்டுப் போச்சு. நாலு தடவை போன் பண்ணினே. அதுக்கு முன்னாடி நாலு வருஷத்துல நீயா கூப்பிட்டது மூணு தடவை. எண்ணி வச்சிருக்கேன். முழுசா சொல்லிட்டா அப்புறம் உனக்கு என்கிட்ட என்ன வேலை. அதனாலதான் சொல்லல. நீ என்னை மறைச்சே, நான் இதை மறைச்சேன்.

எழுதிக்கோ. இறக்கி வச்சதும் தொடாதே. கிளறக் கூடாது, கரண்டி போடக் கூடாது, சட்டியை ஆட்டிப் பாக்கக் கூடாது. அப்படியே விட்டுடு. முக்கால் மணி நேரம் ஆகும். சட்டி அடியில உள்ளங்கையை வச்சா சூடு தெரியணும், ஆனா கையை எடுக்கத் தோணக் கூடாது. அப்ப மரக்கரண்டியால அடி. கை விட்டுப் போற மாதிரி அடி. மேல இருக்கிற பளபளப்பு மங்கிப் போகும், கெட்டியாகும். அப்ப தட்டுல கொட்டு. அவ்வளவுதான்… இதைக் கண்டென்ஸ்டு மில்க் டின் மேல போட மாட்டான். டின் மேல ஈஸின்னு மட்டும் போட்டிருப்பான். நான் நாலு டின் கெடுத்துக் கத்துக்கிட்டேன்.

திருப்பிப் படி… ம்… ம்… முக்கால் மணி, அரை மணி இல்ல… ம். சரியா இருக்கு. நாத்தனாருக்கும் இப்படியே சொல்லிக் குடு. இனி எந்த வருஷமும் கெட்டுப் போகாது. யாரையும் கேக்க வேண்டியதில்ல.

…டிரைவர் கிளம்பிட்டானா. சரி, வரட்டும். பெட்டி குடுக்க மாட்டேன். உனக்குதான் இப்ப செய்யத் தெரியுமே. அது நாளைக்கு ராத்திரி ட்யூட்டி நர்ஸுங்களுக்குப் போகும், அவங்க என்னை அக்கான்னு கூப்பிடுறாங்க.

வேற ஒரு பை இருக்கு, அதைக் குடுத்து விடுறேன்… பயப்படாதே, ஒண்ணும் இல்ல. மஞ்சள் ஃப்ராக். கடையில எட்டு வயசுக்குன்னு கேட்டு வாங்கினேன். அளவு தெரியாது, புள்ளையைப் பக்கத்துல பாத்தாத்தானே தெரியும். இடுப்புல கொஞ்சம் துணி உள்ள விட்டிருக்கு, பத்தலன்னா பிரிச்சுக்கோ.

…யார் குடுத்ததுன்னு சொல்றதா.

டெய்லர்னு சொல்லு. அவ கேட்டது டெய்லர்கிட்டதான்.

வைக்கிறேன்.