சகலை காரின் குளிர்

திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் டவுன் பஸ்ஸில், உச்சி வெயிலில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவர் கழுத்து வியர்வையை உள்ளங்கையால் வழித்து உதறிவிட்டுப் பக்கத்திலிருந்த இளையவரிடம் சொன்னார்:

“என் சகலை காரு ஏசி நின்னு போணும்னு அம்மாளுக்கு நேந்திருக்கேன்டே.”

“என்ன அண்ணாச்சி இது? வீட்டுல பாம்பு, தேளு வந்தா வெள்ளித் தகடு வாங்கி உண்டியல்ல போடுவாவ. ஏசிக்கு எந்தத் தகடப் போடுவிய?”

“சிரிக்காத. அது எங்கிட்ட கிடந்த காருல்லா! பழைய காரு, இதுக்குப் போடுத ஏசி கேஸு இப்ப வாரதே இல்ல, ஏசி அவ்வளவுதான்னு இங்கன ஒர்க்‌ஷாப்புல சொன்னாவ. நம்பி, சகலை தலையில கட்டிவிட்டேன்.”

“அவரு என்ன செஞ்சாரு?”

“ராஜபாளையத்துக்குக் கொண்டு போயி, பழைய ஆயில வடிச்சு, பைப்பு, ரப்பர் வாசர் எல்லாம் மாத்தி, புது கேஸ ஏத்திட்டான். இப்ப ஐஸ் பெட்டி கணக்கா இருக்காம். தெருவுல போறவனயெல்லாம் நிறுத்தி, கைய உள்ள விட்டுப் பாருங்கான்.”

“நீங்க விட்டுப் பாத்தியளா?”

“நான் எதுக்குடே விடுதேன்?”

நான் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்தே இருந்தேன்.

“கோயிலுக்கு மதினி வரலையா அண்ணாச்சி?”

பெரியவர் மறுபடியும் கழுத்தை வழித்தார்.

“அவ தங்கச்சியோட அந்தக் காருலதான் முன்னால போறா. என்னையும் கூப்பிட்டாவ, மாட்டேன்னுட்டேன். உள்ள குளுரும்னு என் துண்டையும் வாங்கிப் போத்திட்டுப் போயிட்டாடே.”