முப்பத்தைந்து கிராம்

நல்ல கம்ப்யூட்டர் கீபோர்டு என்றால் அதன் சத்தம் என்று நினைக்கிறார்கள், ஐயா. சத்தம் இல்லை, ஸ்பிரிங். எவ்வளவு அழுத்தினால் கீ இறங்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பித்தளைத் தகடு வெட்டி, கீக்கு அடியிலிருக்கும் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கிரீஸ் தடவி, வாங்குகிறவர் விரலுக்கு ஏற்ற ஸ்பிரிங் போட்டுத் தருவேன்.

முதல் கீபோர்டின் விலையைக் கேட்டு அண்ணன் சிரித்தான்.

"ஏன்டா, இது டைப் மட்டும் அடிக்குமா, துணியும் துவைச்சுப் போடுமா? இந்தக் காசுக்கு நான் ரெண்டு மாசம் மூட்டை தூக்கணும்டா."

கிடங்கில் சுமை தூக்கினான். நூறு கிலோ மூட்டை சுமந்துதான் என்னைப் படிக்க வைத்தான். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்தான். கழுத்து முறிந்தது. தொண்டையில் குழாய் போட்டதில் பேச்சும் போயிற்று. அசைவென்று மிச்சம் இருந்தது வலது கையில் இரண்டு விரல் மட்டும்.

அந்த இரண்டு விரலுக்காக ஒரு கீபோர்டு செய்தேன். ஆறே கீ. ஒன்றை அழுத்தினால் ஒரு வார்த்தை கேட்கும்: தண்ணி, புரட்டு, வலிக்குது, வா, வேணாம், சரி. என் குரலிலேயே பதிந்து வைத்தேன். முப்பத்தைந்து கிராம் ஸ்பிரிங், விரலை வைத்தாலே இறங்கும். நான் செய்ததிலேயே நல்ல வேலை அது.

பிறகு பேச ஆரம்பித்தான். தண்ணி. புரட்டு. வா. புரட்டு. வா. கையில் சுவிட்சோடு உட்கார்ந்தால் 'வா'. சோற்றில் கை வைத்தால் 'புரட்டு'. எல்லாம் என் குரல். நானே என்னை நாள் முழுக்க ஏவிக்கொண்டிருந்தேன். அந்த அலுப்பு உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

பிடுங்கி எறிந்திருக்கலாம். அது கொடுமை. அவன் மத்தியானம் தூங்கும்போது ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினேன். ஐம்பது கிராம். அடுத்த மாதம் அறுபத்தைந்து. பிறகு எண்பது. அவன் விரலையே பார்த்துக்கொண்டு கிடப்பான். நூறு கிலோ சுமந்தவன், எண்பது கிராமோடு மல்லுக்கட்டினான்.

டாக்டர் வந்தார். கையைத் தொட்டுப் பார்த்தார், கீயைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"வலு குறைஞ்சுக்கிட்டே வருதுப்பா. எதிர்பார்த்ததுதான், மனசைத் தேத்திக்க."

தேற்றிக்கொண்டேன்.

ஒரே ஒரு கீயை மட்டும் பழைய ஸ்பிரிங்கிலேயே விட்டேன். 'சரி'. ஒரு மனிதனை ஒன்றுமே பேசவிடாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பின் வீடு அமைதியானது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மகள் வருவாள். "அப்பா, சித்தப்பா நல்லா பாத்துக்குறாரா?" என்பாள். 'சரி.' அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அவன் கண்ணால் ஏதோ சொல்லப் பார்ப்பான். கண் பேச்செல்லாம் எனக்கு வராது.

முதுகில் புண் வந்தது உண்மை. புரட்டாமல் கிடந்தால் வரும். வலித்தால் சொல்லியிருப்பான் என்று நான் சொன்னால் இப்போது நீங்கள் நம்பப்போவதில்லை, தெரியும். கடைசி வாரம் அந்த அறையிலிருந்து 'சரி, சரி, சரி' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் மட்டும் நாற்பது தடவையைத் தாண்டியது. வாசலில் நின்று கேட்டேன்.

"அண்ணே, வெளியூர்ல ஒரு கீபோர்டு குடுக்கணும். ரெண்டு நாள் ஆவும். தனியா இருந்துக்குவியா?"

'சரி.'

மூன்றாம் நாள் திரும்பினேன். விரல் அந்தக் கீயின் மேலேயே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அப்பா அழுத்திய கீ என்று அவன் மகள் ஆசையாகத் தொட்டுப் பார்த்தாள். "சித்தப்பா, இது ஏன் இவ்வளவு கெட்டியா இருக்கு? அப்பா விரலுக்கு எப்படி இறங்கியிருக்கும்?" மற்றதையும் தொட்டாள். கடைசிக் கீ மட்டும் பேசியது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள்.

கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா: ஒவ்வொன்றையும் அவனைக் கேட்டுத்தான் செய்தேன். ஒரு தடவைகூட அவன் வேணாம் என்று சொல்லவில்லை.