கொடியிலிருந்து ஐந்து

ஈரத் துண்டைப் பையிலேயே விட்டுவிட்டால் இரண்டு நாளில் நாறிவிடும். எங்கள் வீட்டில் அதை எடுத்துக் காயப்போடுவது நான்தான். என்னுடையதையும், தங்கையுடையதையும்.

நான் ஆறு வயதிலிருந்து நீந்துகிறேன். அவள் பதினைந்து வயதுவரை வாளித் தண்ணீரில் முகம் முக்கவே பயந்தவள். "சும்மா உனக்குத் துணைக்கு வரேன்க்கா" என்றுதான் குளத்துக்கு வந்தாள். எங்கள் பயிற்சியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மத்ததுங்க எல்லாம் தொட்டில்ல இருந்து நேரா இங்க வந்ததுங்க. நீ இத்தனை வருஷம் எங்கம்மா இருந்த?"

"கரையில சார். அதனால கெட்ட பழக்கம் எதுவும் இல்ல."

விசில் சிரித்துவிட்டார். பதினோரு வருடத்தில் என்னிடம் அவர் சிரித்ததில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

மல்லாந்து நீந்துகிறவர்களுக்குச் சுவர் தெரியாது. அதனால் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால், குளத்துக்குக் குறுக்கே ஒரு கயிற்றில் சின்னச் சின்னக் கொடிகள் தொங்கும். கொடி தலைக்கு மேல் வந்ததும் கைவீச்சை எண்ண வேண்டும். அவளுக்கு ஐந்து. ஐந்தாவதில் கை சுவரைத் தொடும். அதை ஒரு வாரம் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

"மண்டைய இடிச்சுக்குவேனோன்னு பயமா இருக்குக்கா."

"கொடி பொய் சொல்லாதுடி. எண்ணு. திரும்பிப் பார்க்காத, வேகம் போயிடும்."

அதன்பிறகு அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நாங்கள் எல்லாரும் கொஞ்சமாவது பார்ப்போம்.

அணியில் மல்லாந்த நீச்சலுக்கு ஒரே ஓர் இடம். "அது உன்னோடதுக்கா, நான் வேற எதுலயாவது ஒட்டிக்கிறேன்" என்று அவளாகத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அந்த இடத்தில் அவள் பெயர். விசில் அவளிடம் திங்கட்கிழமையே சொல்லிவிட்டாராம். நாலு நாள். எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கண்ணாடி, ஒரே சீப்பு. அந்த நாலு நாளும் அவள் துண்டை நான் காயப்போட்டிருக்கிறேன்.

"ஏண்டி சொல்லல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. நீ அழுவியேன்னு..."

"நான் எதுக்கு அழப்போறேன்?"

இடம் போனது பெரிதில்லை. அந்த நாலு நாளைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. யாரோ ஒருத்தி செய்தால் சரி என்று விட்டிருப்பேன்.

குளத்தின் இரு பக்கமும் குழியில் கொடிக் கம்பங்களை நிறுத்துவது காலையில் முதலில் வருகிறவர் வேலை. எப்போதும் முதலில் வருவது நான்தான். குளத்தைப் பழுதுபார்ப்பதற்கு முன்பிருந்த பழைய குழிகள் ஒன்றரை மீட்டர் தள்ளி, சுவர்ப்பக்கம் இருக்கின்றன. ரப்பர் மூடி போட்டிருக்கும். அடுத்த திங்கட்கிழமை அந்த இரண்டு மூடிகளையும் எடுத்துப் பையில் போட்டுவிட்டுக் கம்பங்களை அங்கே நிறுத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அன்று முதலில் நீந்துவது அவள் என்று தெரியும். விசிலின் கண் கடிகாரத்தில்தான் இருக்கும் என்றும் தெரியும்.

அழகாக வந்தாள். அதைச் சொல்லியாக வேண்டும். கொடியைத் தாண்டியதும் கரையில் நின்று நானும் கூடவே எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு வரவில்லை.

எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கம்பங்களைப் பழையபடி மாற்றி நிறுத்தினேன். ஒரு மூடியைக் குழியில் பொருத்தினேன். இன்னொன்றைப் பையிலேயே விட்டுவிட்டேன். இப்போது நீங்கள் விசாரணை மேசைமேல் வைத்திருப்பது அதுதான்.

கழுத்துக்குக் கீழே அவளுக்கு எதுவும் அசைவதில்லை. இரண்டு மணிக்கொருமுறை நான்தான் புரட்டிப் படுக்கவைக்கிறேன். யார் செய்தாலும் அவளுக்கு ஒப்பாது. ஆஸ்பத்திரியில் பேச்சு வந்ததும் என்னைத்தான் முதலில் கேட்டாள்.

"அக்கா, நான் சரியாத்தானே எண்ணினேன்?"

"இல்லடி. தப்பா எண்ணிட்ட."

"அப்படியா" என்றாள். பிறகு கேட்கவே இல்லை.

அவள் என்னிடம் நாலு நாள் மறைத்தாள். நான் ஏழு மாதமாக மறைக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் மறைத்தது அவள் மனசு நோகக் கூடாது என்றுதான்.