தொடையில் குத்திய எண்

காப்பியில் வெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது ஐயா, ஆனாலும் குடிக்கலாம். துமாக்கோ நகரத்தில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இப்படித்தான் கொடுப்பார்கள். நான் வேலை பார்த்த லெத்தீசியா காட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் கசப்பாகக் குடித்தே பழகிவிட்டேன்.

விசாரணைக்கென்று மேசையில் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கண்ணாடித் துண்டில் காய்ந்திருப்பது என் தங்கை எனெய்தாவின் மகள் லூசெலியின் ரத்தம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தடுப்பூசியைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

மலேரியாக் கிருமி ரத்த அணுவைப் பற்றிக்கொள்ள ஒரு பிடி வைத்திருக்கிறது. அந்தப் பிடியில் ஒரு துண்டை நாங்களே செய்து ஊசியில் ஏற்றினால் உடம்பு எதிரியை அடையாளம் தெரிந்துகொள்ளும். தேயிலைப் பை போன்ற சின்ன வலைப் பைகளில் அமினோ அமிலங்களை மணி கோப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கோப்போம். அசல் துண்டை உடம்பு ஏறெடுத்தும் பார்க்காது. ஏதோ ஒரு மணியை மாற்றிக் கோத்தால் விழித்துக்கொள்ளும். எந்த மணி என்று தேடுவதிலேயே என் இளமை போயிற்று, கல்யாணமும் போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. சின்ன வயதில் மீரா ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் என் தம்பி இந்தக் காய்ச்சலில் மூன்றே நாளில் செத்துப்போனான். படகு கிடைக்கவில்லை. அம்மா அவன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசியை முதலில் ஆந்தைக் குரங்குகளுக்குப் போடுவோம். மனிதனின் மலேரியா அவற்றுக்கும் வரும். குரங்கு வந்ததும் வலத் தொடையில் எண் பச்சை குத்துவோம். ஊசி போட்டு, கிருமியை ஏற்றி, தாங்குகிறதா என்று பார்ப்போம். முடிந்ததும் குணப்படுத்திக் காட்டில் விட்டுவிடுவோம். பிடித்துத் தருபவர் அபெலினோ, அந்தக் காட்டின் திக்குனா பழங்குடி, சரியான வாயாடி.

போன வருஷம், இதுவும் பலிக்காவிட்டால் கூடத்தை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. அந்தச் சமயத்தில் அபெலினோ கூண்டுகளை இறக்கிக்கொண்டே சிரித்தார்.

"பயலுக்கு உங்க வீட்டுச் சாப்பாடு பிடிச்சுப்போச்சு டாக்டரம்மா. கூண்டைக் காட்டினதும் தானா வந்து ஏறிக்கிட்டான்."

நானும் சிரித்தேன். புதுக் குரங்குக்குப் பழைய மலேரியா உண்டா என்று ரத்தம் பார்க்க வேண்டும். காட்டுக் குரங்குதானே என்று விட்டுவிட்டேன்.

ஊசி போட்ட ஆறில் நான்கு காய்ச்சலே இல்லாமல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றன. ஊசி போடாதவை எல்லாம் படுத்துவிட்டன. நான் கூண்டுகளுக்கு நடுவில் நின்று அழுதேன். மறுநாள் ரத்தம் எடுக்க, வலத் தொடை புண்ணாகியிருந்ததால் இடத் தொடையில் மயிரை மழித்தேன். அடியில் மங்கிய பச்சையில் ஒரு பழைய எண் இருந்தது. முன்பிருந்த பராமரிப்பாளர் இடப்பக்கம்தான் குத்துவார். நான்கையும் மழித்துப் பார்த்தேன். நான்கும் நாங்கள் விட்ட குரங்குகள்தான். ஏற்கெனவே எங்களிடம் மலேரியா பட்டு, எதிர்க்கக் கற்றுக்கொண்டவை.

மயிர் வளரும் வரை காத்திருந்து, இந்த முறை அந்த நான்கையும் வெகுதூரம் கொண்டுபோய் விட்டேன். ஆறில் நான்கு தாங்கின என்று மட்டும் மேலிடத்துக்கு எழுதினேன்.

நீங்கள் இதை ஏமாற்று என்பீர்கள். ஊசி போட்டதில் பழைய எண் இல்லாத இரண்டில் ஒன்று தாமதமாகத்தான் படுத்தது ஐயா. நான் அந்தத் தாமதத்தைப் பிடித்துக்கொண்டேன். மனிதக் குழந்தையிடம் அது நீளும் என்று நம்பினேன். நம்பாமல் எனக்கு வேறு என்ன இருந்தது?

குழந்தைகளுக்குப் போட்டுப் பார்க்கும் சோதனைக்கு என் ஊரையே கேட்டு வாங்கினேன். எனெய்தாதான் முதல் ஆளாக லூசெலியைத் தூக்கி வந்தாள். "டாக்டரைக் கையில வச்சிருக்கிறவ நீ, உனக்கென்னடி கவலை?" என்று வரிசையில் நின்ற பெண்கள் அவளைச் சீண்டினார்கள். ஊசி போட்ட வாரத்திலேயே ஊரில் கொசுவலைகளைக் கழற்றி ஆற்றில் இறால் பிடிக்கக் கட்டிவிட்டார்கள். நான் பார்த்தேன். மறுபடி படுக்கைக்குக் கட்டச் சொன்னால் ஊசியை நானே நம்பவில்லை என்று ஆகிவிடும். இறால் நன்றாக இருந்தது. எனெய்தா தேங்காய்ப்பாலில் சமைத்துத் தந்தாள்.

பிறகு ஒரு காலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உடம்பு அனலாக் கொதிக்குது. ஊசி போட்டும் ஏன்க்கா?"

விரலில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். அணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாகக் கிருமிகள் நிறைந்திருந்தன.

"மலேரியா இல்லடி. ரத்தம் சுத்தமா இருக்கு."

"துமாக்கோவுக்குப் படகு எடுக்கச் சொல்லவா?"

"எதுக்கு வீண் அலைச்சல்? வெல்லத்தண்ணி குடு, தானா இறங்கிடும்."

"நீ சொன்னாச் சரி" என்றாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கே நிம்மதியாக இருந்தது.

மலேரியா மாத்திரை என் பையில் இருந்தது. கொடுத்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும். ஊசி வேலை செய்கிறதா என்பது மட்டும் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். தினமும் ரத்தம் பார்த்தேன். தினமும் எனெய்தாவிடம் காய்ச்சல் குறைகிறது என்றேன்.

எங்கள் பக்கம் பச்சைக் குழந்தை செத்தால் அழுவதில்லை. அது தேவதையாகப் போகிறது என்று மேளம் தட்டிப் பாடுவோம். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய ஞானத்தாய்தான் சவப்பெட்டியைக் கையில் ஏந்தி முதலில் ஆட வேண்டும். லூசெலியின் ஞானத்தாய் நான். ஆடினேன். பெட்டி கனமாகவே இல்லை. எனெய்தா என் கைகளைப் பிடித்து, "உன்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேக்கா" என்றாள்.

அதன் பிறகு ஊசி போட்ட வேறு பிள்ளைகளும் காய்ச்சலில் படுத்தார்கள். இங்கிருந்து விசாரிக்க வந்த டாக்டர் அந்தக் கண்ணாடித் துண்டைக் கேட்டார். நானேதான் எடுத்துக் கொடுத்தேன். அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

ஆமாம், கிருமியைப் பார்த்தேன், மறைத்தேன், சாகவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதுங்கள் ஐயா. என் தம்பி மூன்றாம் நாளே போய்விட்டான். லூசெலி ஐந்தாம் நாள் சாயங்காலம் வரை தாங்கினாள். அந்த இரண்டு நாளும் என் ஊசி கொடுத்தது.