திருப்பிப் போட்ட அட்டை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். செம்மங்குப்பத்துக் கெமிக்கல் ஆலைகளின் வாடைக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தபோது இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

“ஆண்டவர் குடுத்ததை நான் திருப்பிப் போட்டுட்டேன்க்கா.”

“எதைடி?”

“புது வருஷத்தன்னைக்குச் சர்ச்சுல ஆளுக்கு ஒரு வசன அட்டை எடுப்போம். அந்த வருஷத்துக்கு அதான் நமக்கு வாக்கு. ஆஸ்பத்திரில கெடந்த எங்க வூட்டுக்காரருக்கு நான்தான் எடுத்தேன். ‘சமாதானத்தோடே போ’ன்னு வசனம் வந்துச்சு. சாவத்தான் சொல்லுதோன்னு பயந்துபோயி, யாரும் பாக்காதப்ப பெட்டிக்குள்ளயே திருப்பிப் போட்டுட்டு வேற எடுத்தேன். நீண்ட ஆயுசுன்னு வந்துச்சு.”

“அவருகிட்ட அதைத்தான் குடுத்தியா?”

“தலமாட்டுலயே ஒட்டி வச்சேன். கடைசி வாரம், ‘நான் போயிட்டா புள்ளைங்கள’ன்னு ஆரம்பிச்சாரு. அட்டையக் காட்டி வாய அடச்சேன். அப்புறம் அவரு எதுவுமே பேசல. என்ன சொல்ல வந்தாரோ, அதோடவே போயிட்டாரு.”



“இன்னும் சர்ச்சுக்குப் போறியா?”

“அங்க போயி உக்காந்தாதான்க்கா மனசு அடங்குது. இந்த வருஷத்து அட்டைய இன்னும் பாக்கல. அப்படியே பைபிள்ல வச்சிருக்கேன். எது வந்திருந்தாலும் திருப்பிப் போட மாட்டேன்.”